புதுக்கார் உதிரிகளுக்குப் பொருள்கோள் காணும் முறை

புதுக்கார் வாங்கிய முதல் வாரத்தில் டிக்கியின் தரைவிரிப்பைத் தூக்கிப் பார்ப்பவருக்கு இன்னதென்று விளங்காத சில பொருள்கள் அங்கே கிடைக்கும். கட்டைவிரல் பருமனில், ஒரு முனையில் மரையும் மறுமுனையில் வளையமுமாக ஓர் இரும்புத் தண்டு. உள்ளே பூப்போல வெட்டிய பள்ளம் கொண்ட, தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் ஓர் உலோக உருளை. பானட்டைத் திறந்தால் ஃபியூஸ் பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் சாமணம். சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினால் ஒரே ஒரு ஸ்க்ரூ. சங்க இலக்கியத்தில் உப்பு, சங்க இலக்கியத்தில் செருப்பு என்று முனைவர் பட்டத் தலைப்புகளே தீர்ந்துகொண்டு வரும் காலத்தில் இவ்வளவு வளமான ஒரு துறையை ஆய்வுலகம் விட்டுவைத்திருப்பது வியப்புக்குரியது. அக்குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். குறை நீங்கியதா என்பதை மதிப்பீட்டுக் குழு சொல்லும். குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

இப்பொருள்களைப் பற்றி நாட்டில் இரு கட்சிகள் உண்டு. முதல் கட்சியாரை மிகைவாதிகள் எனலாம். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை தருவதுபோலக் கம்பெனி தாராளமாக ஏதோ கூடுதலாகப் போட்டுக் கொடுத்திருக்கிறது என்பது இவர்கள் கொள்கை. நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறல் என்று ஒன்று உண்டு. காரும் அக்குற்றத்தைச் செய்யக்கூடியதே என்று வாதிடுகிறார்கள். மேட்டுக்குத் தனி விலை, மட்ஃபிளாப்புக்குத் தனி விலை, நம்பர் பிளேட்டைச் சுற்றிய சட்டத்துக்குத் தனி விலை என்று ஒவ்வொன்றாக எழுதிக் கூட்டிய பில்லில் கையெழுத்துப் போட்ட பிறகும் கம்பெனியின் தாராளத்தை நம்புகிறவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. இரண்டாம் கட்சியார் மறதிவாதிகள். ஆலையில் யாரோ பூட்ட மறந்ததுதான் இது, ஆகவே வண்டி குன்றக் கூறல் என்னும் குற்றம் உடையது என்பர். இவர்களுக்கு மறுப்பு டிக்கியிலேயே இருக்கிறது. அந்த இரும்புத் தண்டு கிடப்பது ஒரு ஃபோம் தட்டில். தட்டில் அதன் வளையத்துக்கு வளைவாகவும் தண்டுக்கு நீளமாகவும் அளவெடுத்துக் குழி வெட்டியிருக்கிறது. மறதி குழி வெட்டாது.

மறதிவாதிகள் இன்னொரு வகையிலும் வழுக்குகிறார்கள். மறப்பதற்கு முன்னால் ஒருவர் அறிந்திருக்க வேண்டும். 1913-ல் அமெரிக்காவின் ஹைலண்ட் பார்க் ஆலையில் ஃபோர்டு நகரும் உற்பத்தி வரிசையை அமைத்தார். அதற்கு முன் மாடல் டி காரின் சேஸிஸைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு ஒன்றரை மணி நேரமாகச் சுருங்கியது. முன்பெல்லாம் சிலர் ஒரு வண்டியைச் சுற்றி நின்று முழுவதையும் பூட்டினார்கள். பின்னர் போல்ட்டைச் சொருகுகிறவர் நட்டை மாட்டமாட்டார், நட்டை மாட்டுகிறவர் முடுக்கமாட்டார் என்று ஆயிற்று. நம் பல்கலைக்கழகங்களும் பிறகு இம்முறைக்கு வந்துசேர்ந்தன. இன்று நற்றிணைக்காரர் குறுந்தொகையைத் தொடமாட்டார், இரண்டையும் தொட்டவர் யாப்பைத் தொடமாட்டார். கடைசி ஸ்க்ரூவரை எண்ணினால் ஒரு காரில் சுமார் 30,000 உறுப்புகள் என்பது டொயோட்டா சொல்லும் கணக்கு. இத்தனையையும் ஒருசேர அறிந்த ஒரு மனிதர் வரிசையில் எங்குமே நிற்கவில்லை. முழுவதும் அறிந்தவர் இல்லாத இடத்தில் மறந்தவரும் இல்லை.

அப்படியானால் அது என்ன? இக்கட்டுரையின் கோட்பாடு இதுதான்: உதிரி என்பது எச்சம். அதன் முற்று அதே வண்டியில் வேறோர் இடத்தில், ஓர் ஓட்டையின் வடிவில் இருக்கிறது. ஆகவே இன்னதென்று தெரியாத உறுப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது வீண்வேலை. அதற்குரிய ஓட்டையைத் தேட வேண்டும். இதற்குச் சான்று நெடுஞ்சாலையோரப் பஞ்சர் கடையில் கிடைக்கிறது. மேலே சொன்ன பூப்பள்ள உருளையை வண்டிக்காரர் பலமுறை எடுத்துப் பார்த்திருப்பார்; பேனா மூடி, வால்வு மூடி, பொம்மைச் சக்கரம் என்று பலவாறு கருதியிருப்பார்; கடைசியில் வீட்டு மேசை இழுப்பறையில் போட்டிருப்பார். பஞ்சர் கடைக்காரர் அந்த உருளையைக் கண்ணால் கண்டதில்லை. சக்கரத்தைப் பார்க்கிறார். மற்ற நட்டுகள் அறுகோணமாக இருக்க, ஒன்றுமட்டும் பூப்போல இருக்கிறது. “அண்ணே, லாக் நட்டு போட்டிருக்கு. சாவி எங்க?” என்கிறார். உருளையோடு பல மாதம் குடித்தனம் செய்தவருக்குத் தெரியாத உண்மை, உருளையைப் பாராமலேயே இவருக்குத் தெரிகிறது. காரணம் ஒன்றே: அவர் ஓட்டைப் பக்கத்திலிருந்து ஆய்வைத் தொடங்குகிறார். வண்டிக்கு வண்டி அந்தப் பூவடிவம் மாறும் என்பதால் அவரிடம் மாற்றுச் சாவி இல்லை. உளியும் சம்மட்டியும் இருக்கின்றன.

ஓட்டையோடு உறுப்பைக் கூட்டும் முறைகள் எட்டு. நன்னூலார் செய்யுளுக்கு எட்டுப் பொருள்கோள் சொன்னதால் இங்கும் எட்டு என்றே கொள்ளப்பட்டது. வேறு காரணம் கேட்பது ஆய்வுப் பண்பன்று. நிரல்நிறைக்கு இலக்கியம், ஃபியூஸ் பெட்டியில் சொருகியிருக்கும் உபரி ஃபியூஸ்கள். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர் என்று நிறமும் எண்ணும் வரிசைப்படி சென்று பொருந்தும். பத்துக்கு உரிய இடத்தில் முப்பதைச் சொருகினால் அது எதிர்நிரல்நிறை ஆகாது, வயர் கருகும். பெட்டிக்குள் இருந்த சாமணம் இந்த ஃபியூஸைப் பிடித்து இழுக்கத்தான். புருவம் திருத்த முயன்றவர்கள் உண்டென்றால் அது அவர்கள் பாடு. தாப்பிசை, நடுவில் நிற்கும் சொல் மேலும் கீழும் சென்று பொருள் தருவது. பல வண்டிகளில் நட்டைக் கழற்றும் வீல் ஸ்பேனரே ஜாக்கியைச் சுற்றும் கைப்பிடியுமாக இருப்பது இவ்வகை. பூட்டுவில்லுக்கு ஆண்டெனா. வழியில் ஒடிந்துவிடாமலிருக்க அதைக் கழற்றி முன்னே கிளவ் பாக்ஸில் வைத்துவிடுவார்கள். அது சென்று முடியும் இடம் கூரையின் பின்கோடி. மொழிமாற்று: இடது மட்ஃபிளாப்பும் வலது மட்ஃபிளாப்பும். எந்த அடியை எங்கே வைத்தாலும் பொருள் கெடாத அடிமறிமாற்றுக்கு ஸ்க்ரூவை உதாரணம் காட்டுவது பட்டறைப் பையன்களின் வழக்கம். அது பிழை, பின்னர்க் காண்க. அளைமறிபாப்புக்கு, கையை விட்டதும் பொந்துக்குள் திரும்பிவிடும் சீட் பெல்ட்டைக் காட்டலாம். ஆனால் சீட் பெல்ட் உதிரி அன்று என்பதால் அவ்வகை காலியாகவே விடப்படுகிறது.

ஆற்றுநீர்ப் பொருள்கோளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். காரின் உடலைத் துருப் பிடிக்காதிருக்கப் பெரிய பெயின்ட் தொட்டியில் முழுக முக்கி, மின்சாரத்தைச் செலுத்திப் பூச்சு ஏற்றுவார்கள். முக்கியதை எடுக்கும்போது உள்ளே புகுந்த பெயின்ட் வடிய வேண்டும். அதற்காகத் தரைத் தகட்டில் வட்ட வட்டமாக ஓட்டைகள் விட்டிருப்பார்கள். வடிந்தபின் ஒவ்வொன்றையும் ரப்பர் மூடியால் அடைப்பார்கள். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதான, நடுவில் குழிந்த கறுப்பு ரப்பர் வட்டம் ஒன்று உங்கள் மேட்டுக்கு அடியில் தனியாகக் கிடந்தால் அதை மேசைக் காலுக்கு அடியில் வைக்க எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அதற்குரிய ஓட்டை தரையில் எங்கோ திறந்திருக்கிறது. ஐப்பசி மழையில் வேளச்சேரியைக் கடக்கும்போது, ஆற்றுநீர் எப்படித் தங்குதடையின்றி ஒரே போக்காகச் செல்லும் என்பதற்கு நன்னூல் உரைகாரர் எவரும் காட்டாத உதாரணத்தைக் கால் மேட்டுக்கு அடியிலேயே காணலாம்.

எட்டாவது, கொண்டுகூட்டு. மரையும் வளையமும் கொண்ட இரும்புத் தண்டு இவ்வகை. இதை மட்டும் விரித்துரைப்பது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றமாகும் என்று சிலர் சொல்லக்கூடும். தண்டைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். இதைப் பற்றி ‘டிக்கிநூல்’ என்று ஒரு முதல்நூல் இருந்ததாகக் கொள்வோம். இப்படிக் கொள்வதில் புதுமை ஒன்றும் இல்லை. இறையனார் களவியலுரை தலைச்சங்கத்துக்கு உரியவை என்று முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை எனப் பெயர்களை அடுக்குகிறது. ஒன்றுகூட நம் கைக்கு வரவில்லை. ஆனால் அவற்றைப் பற்றி நாம் எழுதிய பக்கங்களுக்கு ஓர் அலமாரி போதாது. அவை கடல்கோளில் போயின, டிக்கிநூல் வாட்டர் வாஷில் போயிற்று, அவ்வளவே வேறுபாடு. டிக்கிநூல் இருந்திருந்தால் அதற்குப் பழைய உரை ஒன்று இருந்திருக்கும். பழைய உரை இருந்தால் அதை மறுக்கும் ‘ஸ்டெப்னி விருத்தி’ எழுந்திருக்கும். விருத்தியின் மூன்று ஏடுகளில் இரண்டில் தண்டு என்றும், கிரீஸ் பட்டு மங்கிய மூன்றாவதில் குண்டு என்றும் பாடம் இருந்திருக்கும். குண்டு என்பதே பழம்பாடம் என்று ஒருவர் நூற்றைம்பது பக்கத்தில் நிறுவியிருப்பார். அவருடைய மாணவர் அதை அடிக்குறிப்பு எண்களோடு சேர்த்துத் தம் ஆய்வேட்டில் படியெடுத்திருப்பார். எழுதப்படாத நூலுக்கே இவ்வளவு என்றால் எழுதப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது வாட்டர் வாஷுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

இத்தண்டைப் பற்றிய கருத்துகளில் வலுவானது சடங்குக் கொள்கை. அகழாய்வில் பயன் தெரியாத பொருள் கிடைத்தால் அதைச் சடங்குப் பொருள் என்று எழுதிவிடுவது உலகெங்கும் உள்ள நல்வழக்கம். ஐரோப்பாவில் ரோமர் காலத்து வெண்கலப் பொருள் ஒன்று கிடைக்கிறது. ஐங்கோண முகங்கள் பன்னிரண்டு, முகத்துக்கு ஓர் ஓட்டை, மூலைக்கு ஒரு குமிழ். 1739-ல் இங்கிலாந்தில் கிடைத்ததிலிருந்து இன்றுவரை நூற்றுக்கு மேல் சேர்ந்துவிட்டன. ரோமர் எழுதிவைத்த எந்த நூலிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. மெழுகுவர்த்தித் தாங்கி என்றார்கள், நில அளவைக் கருவி என்றார்கள், பகடை என்றார்கள், கையுறை பின்னும் அச்சு என்றார்கள். எதுவும் நிற்காதபோது சடங்குப் பொருள் என்றார்கள். அந்த முறையைப் பின்பற்றினால் நம் தண்டும் சடங்குப் பொருளே. சான்றுகளைப் பாருங்கள். புதுக்காருக்குப் பூசை உண்டு. நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சை வைத்து நசுக்கி ஏற்றுவது உண்டு. முன் பம்பரில் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கவிடுவது உண்டு. தொங்கவிட ஒரு வளையம் வேண்டும். தண்டில் வளையம் இருக்கிறது. தண்டைப் பூட்டும் இடமோ, தேடிப் பார்த்தால், முன் பம்பரிலேயே அமைந்திருக்கிறது. ஒரு பண்பாட்டை முழுவதுமாகக் கட்டி எழுப்ப இதைவிடக் குறைந்த சான்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

ஆனால் ஓட்டைக் கோட்பாட்டைக் கொண்டு இதைச் சோதிக்கலாம். முன் பம்பரில், நம்பர் பிளேட்டுக்கு இடமோ வலமோ, பெட்டி வடிவிலோ வட்டமாகவோ ஒரு சிறு மூடி தெரியும். ஓரத்தில் ஒரு பக்கத்தை விரலால் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும். கழற்றினால் தொலைந்துவிடாமலிருக்கப் பல வண்டிகளில் அதை ஒரு நரம்பால் உட்புறம் கட்டியிருப்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்தால் மரையிட்ட குழல். அது பம்பரின் பிளாஸ்டிக்கில் இல்லை. பின்னாலிருக்கும் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தது. எலுமிச்சைக்கு இரும்புச் சட்டம் தேவையில்லை, ஊசியும் நூலும் போதும். ஒரு முழு வண்டியைக் கயிறு கட்டி இழுக்கத்தான் இத்தகைய பிடி வேண்டும். ஆகவே இது வண்டி நின்றுபோனால் இழுத்துச் செல்வதற்கான கொக்கி. சடங்குக் கொள்கையார் இதற்கும் விடை வைத்திருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற வண்டிகளில் இத்தண்டின் மரை இடமுறையாக வெட்டப்பட்டது. வலப்புறம் திருகினால் கழன்றுவிடும், இடப்புறம் திருகினால்தான் இறுகும். வலம் வருவது மங்கலம், இடம் வருவது அதற்கு மாறானது என்பதால் இது திருஷ்டி கழிக்கும் கருவியே என்று அவர்கள் முடிக்கிறார்கள். இதை மறுக்கக் கட்டுரையாசிரியருக்கு வலுவில்லை. இழுவை வண்டிக்காரர் வலப்புறமாகவே திருகித் திருகிப் பார்த்து, வியர்த்து, “மரை போயிடுச்சு சார்” என்று சொல்லும் வேளையில் உண்மையிலேயே ஏதோ திருஷ்டி கழிகிறது.

இனி முக்கியமான தடை. டிக்கியில் கிடக்கும் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் முன் பம்பரில் கூட்டுவது முறையா? இது பழைய வழக்கு. பத்துப்பாட்டுக்கு உரை கண்ட நச்சினார்க்கினியர், ஓரடியில் உள்ள சொல்லைப் பல அடி தாண்டி வேறொரு சொல்லோடு கூட்டிப் பொருள் சொன்னார்; மாட்டு என்பது அதற்கு இலக்கணம். மறைமலையடிகள் தம் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியுரையில் இதைக் கடுமையாக மறுத்தார்: புலவர் வைத்த இடத்தில் வைத்தே பொருள் கொள்ள வேண்டும், உரைகாரர் இஷ்டப்படி பிய்த்து ஒட்டக் கூடாது. கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் அந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலை நகரில் 2022 வரை கார் செய்தார்கள். அங்கிருந்து உருண்டு வந்த வண்டிகளின் டிக்கியிலும் இழுவைத் தண்டு தனியாகவும் பம்பரில் ஓட்டை தனியாகவும்தான் இருந்தன. அடிகளின் கொள்கைப்படி தண்டை வைத்த இடத்திலேயே வைத்துப் பொருள் கொண்டால் அது நின்றுபயனின்மை என்னும் குற்றமாகும். வண்டியும் நின்றே பயனில்லாமல் போகும். நச்சினார்க்கினியரை முல்லைப்பாட்டில் ஏற்காதவர்களும் இழுவை வண்டி வந்து நிற்கும்போது ஏற்றே ஆக வேண்டும்.

இதைவிட நுட்பமான தடையும் உண்டு, அதைத் தொல்காப்பியத்திலிருந்தே எழுப்பலாம். செய்யுளுக்கு முப்பத்துநான்கு உறுப்புகளைச் சொல்லும் செய்யுளியல், மாட்டையும் எச்சத்தையும் அவற்றுள் எண்ணுகிறது. பிறகு இவ்விரண்டும் இல்லாமலும் செய்யுள் நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறது. அதாவது, அந்த ஸ்க்ரூ இல்லாமலும் கார் ஓடும். “வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் என்ன?” என்று கேட்கும் வீட்டுப் பெரியவர்கள் அறியாமலேயே தொல்காப்பியர் பக்கம் நிற்கிறார்கள். இதற்கு விடை: ஓடும் என்பது உண்மை, மேலும் வேகத்தடையில் டக்கென்று ஒரு சத்தம் கேட்கும் என்பதும் உண்மை. அந்தச் சத்தத்தைச் செய்யுளியல் முப்பத்துநான்கில் எதில் அடக்குவது என்பது தனி ஆய்வுக்குரியது.

மேனுவலில் எல்லாம் இருக்கிறதே என்பது அடுத்த தடை. மேனுவல் என்னும் நூலைத் திறந்து பார்த்தவர்கள் இத்தடையை எழுப்பமாட்டார்கள். ஒரே நூல் எல்லா வேரியன்ட்டுக்கும் எழுதப்பட்டது. ஒவ்வொரு நூற்பாவின் முடிவிலும் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்தின் பொருள் ‘பொருத்தப்பட்டிருந்தால்’. பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதை அறியத்தான் நூலைத் திறந்தோம். படத்தில் உள்ள டிக்கியில் பஞ்சர் ஒட்டும் பசைப் பாட்டில் இருக்கும், நம் டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும். அல்லது அதற்கு மறுதலையாக இருக்கும். இலக்கண நூல்களில் இயலின் கடைசியில் ஒரு புறனடை வைப்பார்கள். மேனுவலில் புறனடைகளுக்கு நடுவே எங்காவது ஓர் இயல் வரும்.

டெலிவரியின்போது ஷோரூமில் விளக்கிச் சொல்வார்களே என்பாரும் உளர். டெலிவரி என்பது துணியை விலக்குதல், ரிப்பன் வெட்டுதல், ஆளுயரச் சாவி அட்டையைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளுதல் ஆகியவை அடங்கிய ஒரு விழா. விளக்கம் என்ற பகுதியில் போனை ப்ளூடூத்தில் இணைத்துக் காட்டுவார்கள், ஏனெனில் அது அவர்களுக்குத் தெரியும். தரைவிரிப்புக்கு அடியில் உள்ளவற்றைக் கேட்டால் “அதெல்லாம் ஃபர்ஸ்ட் சர்வீஸ்ல சொல்லுவாங்க சார்” என்பார்கள். முதல் சர்வீஸில் கேட்டால் “டெலிவரியிலயே சொல்லியிருப்பாங்களே சார்” என்பார்கள். தருக்க நூலார் இதை அன்னியோன்னியாசிரயம் என்று பெயரிட்டுக் குற்றங்களில் சேர்த்தனர்; ஷோரூமில் இதற்குப் பெயர் கஸ்டமர் கேர்.

உறுப்புக்கு ஓட்டை உண்டென்றால், உறுப்பில்லாத ஓட்டைகள் இருப்பது எப்படி? டேஷ்போர்டில் பொத்தான்களின் வரிசையில் சில இடங்களில் பொத்தான்போலவே ஒரு காலி மூடி இருக்கும். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. இது கோட்பாட்டுக்கு எதிர்ச்சான்று அன்று. அந்த ஓட்டைக்கு உறுப்பு உண்டு, இந்த விலைக்கு இல்லை. ஸ்டெப்னிக்கு உரிய பெரிய குழியில் ஸ்டெப்னி இல்லாமல் இருப்பதும் இப்படித்தான். 2020-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்தின்படி, டியூப்லெஸ் டயரும், காற்றழுத்தத்தைக் கண்காணிக்கும் அமைப்பும், பஞ்சர் ஒட்டும் கிட்டும் உள்ள கார்களில் ஸ்டெப்னி கட்டாயமில்லை. அதனால் அக்குழியில் வெள்ளைப் பசை நிரம்பிய ஒரு பாட்டிலும் சிறு காற்றுப் பம்பும் கிடக்கும். பாட்டிலின் முற்று டயர் வால்வு. பாட்டிலில் காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். அதைத் தேதிக்குள் படித்த கார் உரிமையாளர்களைக் கண்டுபிடிக்கப் புலத்தாய்வு தேவை.

எதிர்ப்புறம் நின்று, ஓட்டையே இல்லாத உறுப்பைக் காட்டுவார் உளர். இரு உதாரணங்கள் தருவர். ஒன்று, சாவியோடு ஒரு வளையத்தில் கோத்துத் தரும் எண் பொறித்த சிறு தகடு. இதற்கு வண்டியில் ஓட்டை இல்லைதான். ஏனென்றால் இதன் முற்று வண்டியிலேயே இல்லை, தொலைந்துபோகப் போகும் சாவியில் இருக்கிறது. அந்த எண் இருந்தால் மாற்றுச் சாவி வெட்டுவது எளிது. ஆகவே அதை வீட்டில் வைக்க வேண்டும். சாவியோடு சேர்த்தே தொங்கவிட்டுக்கொள்வது எல்லோரும் செய்வது. அப்படிச் செய்தால் எச்சமும் முற்றும் ஒரே நேரத்தில் ஒரே ஆட்டோவில் தொலையும். மற்றொன்று, பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வைத்த நாலு ஸ்க்ரூ. இவற்றுக்கு ஓட்டை இருந்தது, நம்பர் பிளேட் மாட்ட. 2019 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமானது. அதைக் கழற்ற முடியாத ஒருவழிப் பூட்டால் அறைகிறார்கள். ஓட்டையை வேறொருவர் ஆக்கிரமித்துக்கொண்டார். ஆகவே அந்த நாலு ஸ்க்ரூவும் இடைச்செருகல் அல்ல, மூலபாடம், பூட்டியிருப்பதுதான் இடைச்செருகல். பதிப்பாசிரியர்களுக்கு இது பழகிய துயரம்.

கடைசியாக, சீட்டுக்கு அடியில் கிடைத்த ஒற்றை ஸ்க்ரூ. எந்த ஓட்டையும் இதற்குத் திறந்திருக்கவில்லை; கதவுப் பலகை, சீட் தண்டவாளம், டேஷ்போர்டு அடிப்பகுதி எல்லாம் பூட்டியபடியே இருக்கின்றன. கோட்பாடு இங்கே உடைகிறது என்று மறுதரப்பார் கைதட்டலாம். உடையவில்லை, விரிகிறது. ஸ்க்ரூ எங்கு போட்டாலும் பொருந்தும் அடிமறிமாற்று என்பது தவறு என்று முன்பே சொல்லப்பட்டது. பிளாஸ்டிக்கில் இறங்குவதன் மரை அகலமாகவும் இரும்பில் இறங்குவதன் மரை நெருக்கமாகவும் இருக்கும், நீளம் வேறு, தலை வேறு. இந்த வண்டியில் ஓட்டை இல்லையென்றால் ஓட்டை இன்னொரு வண்டியில் இருக்கிறது என்பதே முடிவு. வரிசையில் முன்னால் போனதிலோ பின்னால் வந்ததிலோ ஒருவர் இப்போது வேகத்தடையில் டக்கென்ற சத்தத்தோடு போய்க்கொண்டிருக்கிறார். அவருடைய சீட்டுக்கு அடியிலும் வேறு யாருடையதோ ஒரு ஸ்க்ரூ உருண்டுகொண்டிருக்கலாம். அவரைக் கண்டுபிடிக்க வழி உண்டு. காரின் பதினேழு எழுத்துச் சேஸிஸ் எண்ணில் ஆலையும் வரிசை எண்ணும் பொதிந்திருக்கும். சிக்னலில் பக்கத்தில் அதே மாடல் நின்றால் கண்ணாடியை இறக்கி, வணக்கம் சொல்லி, சேஸிஸ் எண்ணின் கடைசி ஆறு இலக்கங்களைக் கேட்க வேண்டும். அவர் பச்சை விழுவதற்குள் சொல்லிவிடுவார் என்று எதிர்பார்க்கக் கூடாது. சொன்னாலும், வேரியன்ட் எது என்று கேட்காமல் ஸ்க்ரூவை நீட்டுவது ஆய்வு நெறிக்கு முரணானது.